18 அடிக் கொடிவழிப் பலகை: அச்சுக்குக் கோப்பை எப்படித் தயார் செய்வது?

திருமயத்தான் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். ஆடியில் குலதெய்வம் கோயிலில் படையல் வைத்திருக்கிறோம். மறுநாள் மண்டபத்தில் சொந்தபந்தம் எல்லோரும் கூடுகிறார்கள். அங்கே வைக்க எங்கள் குடும்பத்தின் கொடிவழியை ஒரே பலகையாக அச்சிட வேண்டும். ஏழு தலைமுறை, 412 பெயர்கள், 36 படங்கள். நீளம் 18 அடி, உயரம் 4 அடி.

முதலில் பவர்பாயிண்டில் தொடங்கினேன். அதில் 56 அங்குலத்துக்கு மேல் பக்கம் வைக்க முடியவில்லை. வேர்டில் 22 அங்குலம்தான். பிறகு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்கு மாறி, 216 அங்குலத்துக்கு 48 அங்குலம் பக்கம் வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து முடித்தேன். பிடிஎஃப் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோனால், அவர்கள் கணினியில் வலப்பக்கக் கடைசிக் கிளை வெட்டுப்பட்டுத் தெரிகிறது. சில பெயர்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிட்டன. “ஜேபெக்கா 72 டிபிஐல கொடுங்க, அது போதும்” என்றார்கள் (டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). அப்படியே கொடுத்து ஓர் அடி மட்டும் மாதிரி எடுத்துப் பார்த்தேன். பெயர்கள் 20 பாயிண்ட். புள்ளி எது, சுழி எது என்று தெரியாமல் மங்கலாக இருந்தது. சரி, 300 டிபிஐயில் எடுக்கலாம் என்றால் என் 8 ஜிபி கணினி அப்படியே நின்றுவிடுகிறது.

ஒன்று முன்பே சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் பழைய நோட்டில் ஆண் வாரிசுகள் மட்டும்தான். அது 8 அடியில் அடங்கிவிடும். இந்த முறை அத்தைகள், அக்காள் தங்கைகள், அவர்கள் வழிப் பிள்ளைகள் எல்லோரையும் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறோம். அதனால்தான் 18 அடி. அதைக் குறைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

பத்தடி_மெஷின் | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, நான் ஃப்ளெக்ஸ் அச்சில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். கடையில் 72 கேட்டதில் தப்பில்லை. சாலையோரத்தில் 20 அடி உயரத்தில் தொங்கும் பேனருக்கு அது தாராளம். பல கடைகளில் அடியை இன்ச்சாக வைத்தே வேலை செய்வோம். 20 அடிக்கு 10 அடி பேனர் என்றால் கோப்பு 20 இன்ச்சுக்கு 10 இன்ச், 300 டிபிஐ. கணக்குப் போட்டால் அச்சில் ஓர் அடிக்கு 300 புள்ளி, அதாவது அங்குலத்துக்கு வெறும் 25. ஆனாலும் கீழே நின்று பார்ப்பவருக்கு முகம் தெளிவாகத்தான் தெரியும்.

உங்கள் பலகை அப்படியில்லை. ஆட்கள் கிட்டே வந்து, விரலை வைத்துத் தங்கள் பெயரைத் தேடுவார்கள். அதைக் கடையில் சொன்னீர்களா? “மண்டபத்துக்கு 18க்கு 4” என்று மட்டும் சொன்னால், மேடைக்குப் பின்னால் கட்டும் பேனர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மீனா_வரைகலை | திங்கள், காலை 7.15

அண்ணன் சொன்ன தூரக் கணக்கை எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கண்ணுக்கு, பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் எடுத்து 3438 என்ற எண்ணை அதால் வகுத்தால், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி போதும் என்று வரும். 10 அடி தூரம், அதாவது 120 அங்குலம் என்றால் 29 புள்ளி. 5 அடிக்கு 57. இரண்டடிக்கு 143. ஆகவே படங்களுக்கு 150 வைத்தால் போதும். 300 தேவையே இல்லை.

300க்குப் போனால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 216 அங்குலம் 64,800 புள்ளி ஆகும், 48 அங்குலம் 14,400. பெருக்கினால் 93 கோடி புள்ளி. அச்சின் நான்கு மை நிறங்களான சிஎம்ஒய்கேயில் புள்ளிக்கு நான்கு பைட் என்றால் 3.7 ஜிபி. கணினி நின்றதில் வியப்பில்லை. போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பும் இதைத் தாங்காது, அதில் நீளத்துக்கும் சரி, உயரத்துக்கும் சரி, 30,000 புள்ளிதான் எல்லை. 150 வைத்தாலே 32,400 வந்துவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பிஎஸ்பி என்ற பெரிய கோப்பு வகை வேண்டும்.

ஆனால் உங்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் வர வேண்டியதே இல்லை. 412 பெயரும் கிளைக் கோடுகளும் இங்க்ஸ்கேப்பில் கோட்டுருவமாக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளின் கணக்காகத்தானே இருக்கின்றன? அவற்றை ஏன் புள்ளிப் படமாக மாற்ற வேண்டும்? 20 பாயிண்ட் எழுத்து 72 டிபிஐயில் சரியாக 20 புள்ளி உயரத்துக்குள் அடங்க வேண்டும். அதற்குள் ‘ணு’வின் சுழியும் ‘ஞ்’சின் புள்ளியும் எப்படித் தெளிவாக வரும்? எழுத்தைக் கோடாகவே அனுப்பினால், அச்சு இயந்திரத்தோடு இருக்கும் ரிப் மென்பொருள் இயந்திரத்தின் முழுத் திறனுக்கு ஏற்ப அதைப் புள்ளியாக்கிக்கொள்ளும். படங்கள் மட்டும் புள்ளிப் படமாக இருந்தால் போதும். கோப்பும் சில பத்து எம்பியில் முடிந்துவிடும்.

திருமயத்தான் | திங்கள், காலை 8.02

நன்றி அக்கா. ஆனால் பிடிஎஃப்தான் வெட்டுப்படுகிறதே?

மீனா_வரைகலை | திங்கள், காலை 8.30

அது உங்கள் தவறு இல்லை. பிடிஎஃப்பின் அலகு ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. அக்ரோபாட் 14,400 அலகு வரைதான் ஒரு பக்கத்தை ஏற்கும், அதாவது 200 அங்குலம். உங்கள் பக்கம் 216. அந்த 16 அங்குலத்தில்தான் கடைசிக் கிளை மாட்டிக்கொண்டது. பிடிஎஃப் 1.6 பதிப்பிலிருந்து அலகையே பெரிதாக வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஆனால் எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. அதை நம்பிக் கடைக்குக் கொடுக்கக் கூடாது.

பாதி அளவில் செய்யுங்கள். 108க்கு 24 அங்குலம். கடையில் 200 சதவீதம் என்று சொல்லுங்கள், வாயால் மட்டுமல்ல, கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துச் சுருக்குவதற்கு முன், கோட்டின் தடிமனும் சேர்ந்து சுருங்கும் பொத்தான் அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டால் கிளைகள் பாதியாகும், கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். 200 சதவீதம் ஆக்கும்போது எல்லாம் கயிறு மாதிரி ஆகிவிடும். படங்களுக்கு, பாதி அளவில் 300 இருந்தால்தான் அச்சில் 150 கிடைக்கும்.

கரிசல்_டிசைனர் | திங்கள், காலை 11.10

இல்லஸ்ட்ரேட்டரில் செய்தால் பாதி அளவு தேவைப்படாதே? அதில் 227 அங்குலம் வரை பக்கம் வைக்கலாம். 2020க்குப் பிறகு வந்த பதிப்பில் அதைப் போலப் பத்து மடங்கும் போகலாம். கோரல்டிராவில் இன்னும் பெரிய பக்கமே வைக்கலாம்.

மீனா_வரைகலை | திங்கள், காலை 11.35

பக்கம் வைக்கலாம். ஆனால் கடைக்குப் போவது பிடிஎஃப்தானே, அங்கே மறுபடியும் 200 வந்து நிற்கும். இன்னொன்று, திருமயத்தான், அவசரத்தில் இங்க்ஸ்கேப்பின் மூலக் கோப்பான எஸ்விஜியைக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு வைத்திருக்கிறது. 2017இல் வந்த 0.92க்கு முந்தைய பதிப்புகளில் அது 90. இல்லஸ்ட்ரேட்டர் 72 என்று எடுத்துக்கொள்ளும். ஒரே கோப்பு மூன்று இடத்தில் மூன்று அளவாகத் திறக்கும். 90க்கும் 96க்கும் உள்ள வேறுபாடு மட்டுமே உங்கள் 18 அடியில் 13.5 அங்குலம்.

எழுத்தாணி | திங்கள், மாலை 6.20

கொம்பு இடம் மாறியதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதல் கவலை. படங்களில் நிறம் கொஞ்சம் மங்கினால் யாரும் கேட்கப் போவதில்லை. ‘கோமதி’ என்பது உடைந்து ‘க’ தனி, கொம்பு தனி என்று வந்தால், அந்த அம்மா எல்லோர் முன்னாலும் தன் பெயரை அப்படிப் பார்க்க வேண்டும்.

யூனிகோடில் ‘கோ’ என்பது முதலில் க, பிறகு ஓகாரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. இரட்டைக் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய்க் காலை வலப்பக்கம் வைப்பது மென்பொருளின் வேலை. இங்க்ஸ்கேப் அதைச் சரியாகச் செய்யும். கடைகளில் இருக்கும் பழைய கோரல்டிரா, பழைய பேஜ்மேக்கர் செய்யாது. அதனால்தான் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்வது இன்றும் பல கடைகளில் தொடர்கிறது. அவற்றில் கொம்பையும் நாமே தட்டி முன்னால் வைக்கிறோம், மென்பொருள் யோசிக்க வேண்டியதில்லை. போட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் உலக மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் யூனிகோடுத் தமிழ் சரியாக வரும்.

உங்களுக்கு வழி எளிது. எல்லா எழுத்தையும் கோடாக மாற்றிவிடுங்கள். கடைக்காரர் ‘கர்வ் போட்டுக் கொடுங்க’ என்பது இதைத்தான். இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் எடுக்கும்போதே அந்தத் தேர்வு இருக்கிறது. பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து உடையாது. ஆனால் மாற்றிய கோப்பில் ஒரு பெயரைத் தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது. அதனால் எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பிழைத்திருத்தம் முழுக்க அதில்தான் முடிய வேண்டும். நீங்கள் ஒருவரே 412 பெயரையும் பார்த்தால் கண் பழகிப் பிழையைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு கிளையையும் அந்தக் கிளைக்காரர் ஒருவரிடம் ஏ4 தாளில் எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சிவகாசி_பிளேட் | செவ்வாய், காலை 10.05

ஆஃப்செட், அதாவது பிளேட் போட்டு அடிக்கும் அச்சுப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இங்க்ஸ்கேப் ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான மூன்று நிறக் கணக்கில்தான் பிடிஎஃப் கொடுக்கும். அந்தக் கறுப்பு சிஎம்ஒய்கேக்கு மாறும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். சிறிய எழுத்துக்கு அது ஆகவே ஆகாது. நான்கில் ஒன்று ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற ஓரம் தெரியும். ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொண்டுவந்து எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் வையுங்கள்.

பத்தடி_மெஷின் | செவ்வாய், பகல் 1.30

அண்ணாச்சி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இது பிளேட் போட்டு அடிப்பது இல்லை. நான்கு நிறமும் ஒரே தலையில், ஒரே ஓட்டத்தில் விழுகிறது. விலகல் மிகக் குறைவு. ஆர்ஜிபி வந்தாலும் ரிப் அந்தத் துணிக்கும் மைக்கும் உள்ள நிறக் கணக்கை (புரொஃபைல்) வைத்து மாற்றிக்கொள்ளும். நாங்கள் தினமும் அப்படித்தான் அடிக்கிறோம்.

சிவகாசி_பிளேட் | செவ்வாய், பகல் 2.10

விலகலை விடுங்கள். நான்கு மை ஒரே இடத்தில் கொட்டினால் ஃப்ளெக்ஸில் பரவாதா? சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளாதா?

பத்தடி_மெஷின் | செவ்வாய், பகல் 2.40

அது உண்மை. பேனர் எழுத்து பெரிது என்பதால் எனக்கு அது கண்ணில் படுவதில்லை. 20 பாயிண்டில் பரவும். இந்த வேலைக்கு அண்ணாச்சி சொன்னபடி எழுத்துக்குத் தனிக் கறுப்பே நல்லது. தலைப்புக்குப் பின்னால் பெரிய கறுப்புப் பட்டை ஏதாவது இருந்தால் மட்டும் மற்ற நிறங்களும் கொஞ்சம் சேர வேண்டும். இல்லையென்றால் அது சாம்பல் மாதிரி தெரியும். தம்பி, கடையில் கோப்பைக் கொடுக்கும்போது கறுப்பைத் தனியாகவே வைக்கச் சொல்லுங்கள். ரிப்பில் அதற்கு ஒரு அமைப்பு உண்டு. அதைப் போடாவிட்டால் நீங்கள் ஸ்கிரைபஸில் செய்ததை அது மறுபடியும் நான்காகக் கலந்துவிடலாம்.

எந்த மெஷினில் அடிக்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். பத்தடி சால்வென்ட் (கரைப்பான் மை) மெஷினில் மைத்துளி பெரிது. எக்கோ சால்வென்ட் மெஷினில் துளி சிறிது, எழுத்து கூர்மையாக வரும், வாடையும் குறைவு, மண்டபத்துக்குள் வைக்க அதுதான் நல்லது. அவை பெரும்பாலும் ஐந்தடி அகலம் வரை அடிக்கும். உங்கள் உயரம் நாலடி என்பதால் 18 அடியும் ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாக வரும். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள். துணி பளபளப்பில்லாத ‘மேட்’ வகையாக இருக்கட்டும். பளபளப்பில் மண்டபத்து டியூப்லைட் விழுந்தால் பாதிப் பெயர் தெரியாது.

சட்டத்தில் அடிக்கப் போகிறீர்களா, ஓரத்தில் ஐலெட் வளையம் வைத்துக் கட்டப் போகிறீர்களா?

திருமயத்தான் | செவ்வாய், இரவு 9.15

மரச்சட்டம் அண்ணா. தச்சரிடம் சொல்லியாகிவிட்டது.

பத்தடி_மெஷின் | செவ்வாய், இரவு 9.50

அப்படியென்றால் நான்கு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் கூடுதலாக விடுங்கள், மடித்துப் பின்னால் அடிக்க. 222க்கு 54 அங்குலம் ஆகும். உங்கள் பாதி அளவுக் கோப்பில் 111க்கு 27. பின்னணி நிறம் மட்டும் ஓரம் வரை ஓடட்டும், பெயரோ படமோ அந்தப் பகுதிக்குப் போகக் கூடாது. அந்த மடிப்புப் பகுதியில் ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடு வரைந்து ‘அச்சில் இது சரியாக ஓர் அடி’ என்று எழுதிவையுங்கள். அச்சு முடிந்ததும் முதலில் அதில் டேப்பை வைத்துப் பாருங்கள். 200 சதவீதம் போட மறந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அது சட்டத்துக்குப் பின்னால் போய்விடும் என்பதால் வெளியே தெரியாது.

மீனா_வரைகலை | புதன், காலை 6.50

ஸ்கிரைபஸுக்குப் போகும்போது பக்க அளவை 111க்கு 27 என்று முன்பே வைத்துவிட்டு, பிறகு இங்க்ஸ்கேப் கோப்பைக் கொண்டுவாருங்கள். படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பாஸ்போர்ட் படங்களை எப்படி எடுத்தீர்கள்?

திருமயத்தான் | புதன், காலை 7.30

பாதி ஸ்கேன் செய்தது. பாதி உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பலகையில் ஒவ்வொரு படமும் ஐந்து அங்குல அகலம்.

மீனா_வரைகலை | புதன், காலை 8.05

பாஸ்போர்ட் படம் 35 மில்லிமீட்டர் அகலம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 827 புள்ளி கிடைக்கும். ஐந்து அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 165. போதும். 300இல் ஸ்கேன் செய்திருந்தால் 83தான் வரும், முகம் சற்றுத் தொளதொளவென்று இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததெல்லாம் சுருங்கித்தான் வந்திருக்கும். அதையே ஆவணமாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும். கொள்ளுத் தாத்தா காலத்துப் படங்கள் யாரிடமாவது ஒரே பிரதிதான் இருக்கும். அதற்காக ஒரு நாள் பேருந்து ஏறிப் போய் நீங்களே ஸ்கேன் செய்துகொண்டு வந்தால்கூடத் தகும்.

கடைசியாக ஒன்று. கடைக்குப் போவதற்கு முன், பெயர் நெருக்கமாக உள்ள ஒரு பகுதியை மட்டும், இறுதி அளவிலேயே வீட்டு பிரிண்டரில் ஏ4 தாளில் எடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட வேண்டும். அதைச் சுவரில் ஒட்டி, இரண்டடி தள்ளி நின்று, வீட்டில் வயதானவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

திருமயத்தான் | ஞாயிறு, இரவு 8.20 (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. பலகை நேற்று வந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

ஏ4 சோதனையிலேயே 20 பாயிண்ட் போதாது என்று தெரிந்துவிட்டது. அத்தைக்கு 84 வயது. தாளுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்த்தான் படித்தார். 28க்கு ஏற்றினேன். ஏழாம் தலைமுறையில் பெயர்கள் முட்டிக்கொண்டதால், அந்த வரிசையை மட்டும் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இரண்டு வரியில் வைத்தேன். பின்னணியில் பழைய ஓலை போலப் பழுப்பு நிறம் வைத்திருந்தேன். அதுவும் எழுத்தை அமுக்கியது, வெளிர் மஞ்சளாக்கிவிட்டேன்.

கிளைக்கு ஒருவர் என்று பதினொரு பேர் படித்தார்கள். 23 பிழைகள் கிடைத்தன. இரண்டு இடத்தில் பிள்ளைகளே தாய் மாறி எழுதப்பட்டிருந்தார்கள். எழுத்தாணி சொல்லாமல் இருந்திருந்தால் அவை அப்படியே அச்சாகியிருக்கும்.

கடையை மாற்றவில்லை. கிட்ட நின்று படிக்கிற பலகை என்று சொன்னதும் அவரே எக்கோ சால்வென்டில் அடிக்கலாம் என்றார். ஓர் அடி மாதிரியை இரண்டு விதமாக எடுத்துக் காட்டினார், கறுப்பு தனியாக ஒன்று, நான்கும் கலந்து ஒன்று. கலந்ததில் எழுத்து சற்றே தடித்து, ‘ண’வின் உள்சுழி அடைபட்டது. தனிக் கறுப்பில் ஒவ்வொரு சுழியும் தெரிந்தது. மடிப்பு ஓரத்துக் கோட்டில் டேப் வைத்தோம், சரியாக 12 அங்குலம்.

பத்தடி_மெஷின் | ஞாயிறு, இரவு 9.05

மகிழ்ச்சி தம்பி. சட்டத்தில் அடிக்கும் வரை மடிக்காதீர்கள், மடிப்புக் கோடு போகவே போகாது. ஒரு நாள் காற்றாட விரித்து வைத்துவிட்டு, அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு பிவிசி குழாயில் சுற்றுங்கள்.

எழுத்தாணி | ஞாயிறு, இரவு 9.30

இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இடம் விட்டிருக்கிறீர்களா?

திருமயத்தான் | ஞாயிறு, இரவு 9.48

ஒவ்வொரு கிளையின் கீழும் மூன்று வெற்றுக் கட்டங்கள் விட்டிருக்கிறேன். முதல் கட்டத்துக்கு ஆள் வந்தாகிவிட்டது. அச்சுக்குக் கொடுத்த மறுநாள் சித்தப்பா பேத்திக்குப் பெண் குழந்தை. பெயர் வைத்ததும், அதே எழுத்துருவில் 3 அங்குலத்துக்கு 1 அங்குலம் வினைல் ஸ்டிக்கர் அடித்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மூலக் கோப்பிலும் சேர்த்துவிடுவேன்.